நான்கு பக்கம் தெரிந்தால் போதாது: ஒரு மனையை வைத்து நாற்கரம் பழகுவோம்

மனைப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். "கிழமேல் வடபுறம் 45 அடி, கிழமேல் தென்புறம் 41 அடி, தென்வடல் கிழபுறம் 60 அடி, தென்வடல் மேல்புறம் 53 அடி" என்று நான்கு அளவு போட்டு, கடைசியில் "ஆக இத்தனை சதுர அடி" என்று முடித்திருப்பார்கள். (கிழமேல் என்றால் கிழக்கு மேற்காக ஓடும் அளவு, தென்வடல் என்றால் தெற்கு வடக்காக ஓடும் அளவு.) வாங்குபவர் பெரும்பாலும் அந்தக் கடைசி எண்ணை மட்டும்தான் பார்ப்பார். ஆனால் அந்த நான்கு அளவை மட்டும் வைத்துக்கொண்டு பரப்பைச் சொல்ல யாராலும் முடியாது. ஐந்தாவதாக ஓர் அளவு வேண்டும். அதுதான் எதிர் மூலைக்குக் குறுக்கே போகும் மூலைவிட்டம்.

பள்ளிக்கூடத்தில் படித்த வடிவியல் மறந்துபோனவர்களுக்கும், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோருக்கும், முதன்முதலாக மனை வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். மேலே சொன்ன 45, 60, 41, 53 அடி மனையையே கடைசிவரை எடுத்துக்கொள்வோம். ஒரு தாள், அளவுகோல், காம்பஸ், கோணமானி இருந்தால் வீட்டிலேயே பாதி வேலை முடிந்துவிடும். மீதிக்கு 100 அடி டேப், நைலான் நூல், கூட ஓர் ஆள்.

முதலில் உறுப்புகளின் பெயர்கள்

தாளில் நான்கு மூலை உள்ள ஓர் உருவம் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. கோணல்மாணலாக இருந்தால்தான் நல்லது. சதுரமாகவே வரைந்து பழகினால் எல்லா நாற்கரமும் சதுரம்போலவே நடந்துகொள்ளும் என்று கண் ஏமாந்துவிடும்.

மூலைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் வையுங்கள். இங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு: சுற்றி வரும் வரிசையில்தான் பெயர் வைக்க வேண்டும். எல்லையை ஒட்டி நடந்தால் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக வந்து மறுபடி அ-வில் முடிய வேண்டும். நம் மனைக்கு வடமேற்கு மூலை அ, வடகிழக்கு (ஈசானி) மூலை ஆ, தென்கிழக்கு இ, தென்மேற்கு ஈ. அப்படியென்றால் அஆ வடபுறம், 45 அடி. ஆஇ கிழபுறம், 60 அடி. இஈ தென்புறம், 41 அடி. ஈஅ மேல்புறம் (மேற்கு), 53 அடி.

மூலைகளுக்குப் பாடநூலில் முனை அல்லது உச்சி என்று பெயர். நான்கு பக்கங்களில் ஒரே முனையில் சேர்கிற இரண்டு பக்கங்கள் அடுத்துள்ள பக்கங்கள். எங்கும் சேராத இரண்டு, எதிர்ப்பக்கங்கள். வடபுறமும் தென்புறமும் எதிர், வடபுறமும் கிழபுறமும் அடுத்தடுத்து. கோணங்களுக்கும் இதே கணக்கு. எதிர் மூலைகளை இணைக்கும் கோடு மூலைவிட்டம். மேஸ்திரிகள் குறுக்களவு என்றோ டயகனல் என்றோ சொல்வார்கள். நாற்கரத்துக்கு அது இரண்டே இரண்டு: அஇ, ஆஈ.

நான்கு கோணங்களையும் கூட்டினால் எப்போதும் 360 பாகை. நம்புவதற்கு ஒரு வழி இருக்கிறது. வரைந்த நாற்கரத்தைக் கத்தரித்து எடுங்கள். நான்கு மூலைகளையும் கையால் கிழித்து, கூர்முனைகள் நான்கும் ஒரே புள்ளியில் தொடும்படி மேசையில் அடுக்குங்கள். இடைவெளியும் இருக்காது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் செய்யாது. ஒரு முழுச் சுற்று நிரம்பிவிடும். காரணமும் எளிது. ஒரு மூலைவிட்டம் வரைந்தால் நாற்கரம் இரண்டு முக்கோணமாகிறது. முக்கோணத்துக்கு 180, இரண்டுக்கும் சேர்த்து 360. நாற்கரத்தில் எது புரியவில்லை என்றாலும் மூலைவிட்டம் போட்டு இரண்டு முக்கோணமாக்கிப் பாருங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நாம் செய்யப்போவதும் அதுதான்.

அட்டைச் சட்டம் செய்து பாருங்கள்

இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகாமல் செய்தே பாருங்கள். பழைய காலண்டர் அட்டையில் ஒரே நீளத்தில் நான்கு பட்டைகள் வெட்டுங்கள். முனைகளில் துளை போட்டு, சுழலக்கூடிய மாதிரி பின் குத்தி நான்கையும் சேர்த்தால் ஒரு சதுரச் சட்டம் கிடைக்கும். இப்போது எதிரெதிர் மூலைகள் இரண்டைப் பிடித்து மெதுவாக அமுக்குங்கள். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகும். இன்னும் அமுக்கினால் ஒல்லியாகும். முழுதும் அமுக்கினால் நான்கு பட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே இடமே இல்லாமல் போகும்.

இவ்வளவு நேரமும் பக்கங்களின் நீளம் கொஞ்சம்கூட மாறவில்லை. பரப்பு மட்டும் முழுமையிலிருந்து பூஜ்ஜியம்வரை போய்விட்டது. "நான்கு பக்கமும் சரியாக இருக்கிறது, அப்புறம் என்ன?" என்று கேட்பவருக்கு இந்த அட்டையைக் கையில் கொடுத்துவிடலாம்.

இப்போது ஐந்தாவது பட்டை ஒன்றை மூலைவிட்டமாகக் குத்துங்கள். சட்டம் அசையாது. முக்கோணத்தின் மூன்று பக்கமும் நிலைத்துவிட்டால் அதன் வடிவமும் நிலைத்துவிடும். நாற்கரத்துக்கு அந்தக் குணம் கிடையாது. இரும்பு கேட்டில் குறுக்கே ஒரு பட்டை வைத்து வெல்டிங் செய்வதும், சாரம் கட்டுகிறவர்கள் நடுவில் ஒரு கழியைச் சாய்த்துக் கட்டுவதும் இதற்காகத்தான்.

எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது

பாடநூலில் வகைகள் ஒரு பட்டியலாக வரும், அதை மனப்பாடம் செய்வோம், பரீட்சை முடிந்ததும் மறப்போம். அதற்குப் பதிலாக மூலைவிட்டங்களைப் பார்த்து வகை சொல்லப் பழகுங்கள். இரண்டு குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போடுங்கள். குச்சிகளின் நான்கு நுனிகளையும் சுற்றி நூலால் இணைத்தால் ஒரு நாற்கரம் வரும். குச்சிகள் இரண்டும் மூலைவிட்டங்கள். அவை எங்கே வெட்டுகின்றன, எந்தக் கோணத்தில் வெட்டுகின்றன, நீளம் சமமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் வகை தெரிந்துவிடும்.

இரண்டு குச்சியும் நடுவில் வெட்டிக்கொண்டால் அது இணைகரம். எதிர்ப்பக்கங்கள் தானாகவே சமமாகவும் இணையாகவும் அமைந்துவிடும். நடுவில் வெட்டுவதோடு குச்சிகள் சம நீளமாகவும் இருந்தால் செவ்வகம். குச்சிகளை எந்தக் கோணத்தில் திருப்பினாலும் செவ்வகம்தான் வரும், ஒல்லியாகவோ பருத்தோ வரும், அவ்வளவுதான். நடுவில் வெட்டி, செங்கோணத்திலும் வெட்டினால் சாய்சதுரம். நடுவில், செங்கோணத்தில், சம நீளத்தில் என்று மூன்றும் சேர்ந்தால் சதுரம். ஆகவே சதுரம் ஒரு செவ்வகமும்கூட, ஒரு சாய்சதுரமும்கூட. தாளைத் திருப்பிப் பிடித்ததும் சதுரத்தை "டைமண்ட்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்தக் குச்சிகளைக் காட்டினால் உடனே விளங்கும்: தாள் திரும்பினால் குச்சிகளும் கூடவே திரும்புகின்றன, வெட்டும் விதம் மாறவில்லை.

செங்கோணத்தில் வெட்டினாலும் ஒரு குச்சி மட்டும் பாதியாக வெட்டுப்பட்டால் பட்டம். பறக்கவிடும் பட்டத்தின் மூங்கில் குச்சிகளைப் பார்த்தாலே தெரியும். ஒரு சோடி எதிர்ப்பக்கம் மட்டும் இணையாக இருப்பது சரிவகம். அதன் சாய்ந்த பக்கங்கள் இரண்டும் சமமாக இருந்தால் இருசமபக்கச் சரிவகம். அதற்கு மூலைவிட்டங்கள் சமம், ஆனால் நடுவில் வெட்டிக்கொள்ளாது.

இந்தக் கடைசி வகை முக்கியம். "இரண்டு குறுக்களவும் சமமாக இருக்கிறது, அதனால் அறையின் மூலைகள் மட்டமாக (செங்கோணமாக) இருக்கின்றன" என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். இருசமபக்கச் சரிவகத்துக்கும் குறுக்களவு சமமாக வரும். எதிர்ச்சுவர்கள் சமம், குறுக்களவும் சமம் என்று இரண்டையும் பார்த்த பிறகுதான் செவ்வகம் என்று சொல்லலாம்.

நம் மனை இவற்றில் எதிலும் சேராது. சமமான பக்கம் ஒன்றும் இல்லை, இணையான பக்கமும் இல்லை. வெறும் நாற்கரம். நிலத்தில் கிடைப்பது பெரும்பாலும் இந்த மாதிரிதான்.

மூலை மட்டம் பார்ப்பது

செவ்வக மனை என்று சொல்லி விற்கிறார்கள். நான்கு மூலையும் செங்கோணமா என்று பார்க்க வேண்டும். மேஸ்திரிகள் செய்யும் 3, 4, 5 கணக்கு இதற்குப் போதும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியில் ஓர் ஆணி, மறுபக்கம் 4 அடியில் ஓர் ஆணி. இரண்டுக்கும் இடையே 5 அடி வந்தால் மூலை மட்டம். 5 அடிக்குக் கூடுதலாக இருந்தால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் குறுகியிருக்கிறது.

அறைக்கு இது சரி. மனைக்கு 3, 4 அடி போதாது. சின்ன முக்கோணத்தில் கால் அங்குலம் பிசகினால், 60 அடி தள்ளிப் போகும்போது அது பல அங்குலமாகப் பெருகிவிடும். அதனால் 9, 12, 15 என்றோ, இடம் இருந்தால் 30, 40, 50 என்றோ பெரிதாக எடுங்கள்.

அஸ்திவாரத்துக்கு முளைக்குச்சி அடித்து நூல் கட்டிய பிறகு கடைசியாக ஒருமுறை குறுக்களவு பார்க்கச் சொல்லுங்கள். 40க்கு 60 செவ்வகத்தின் குறுக்களவு 72 அடி 1⅓ அங்குலம். இரண்டு குறுக்கும் அதே வர வேண்டும். (40-ஐ 40-ஆல் பெருக்கி, 60-ஐ 60-ஆல் பெருக்கி, கூட்டினால் 5200; அதன் வர்க்கமூலம் 72.11.) பக்கங்கள் சரியாக இருந்து குறுக்களவு மட்டும் வேறுபட்டால் உங்கள் கையில் இருப்பது இணைகரம். நீளமான குறுக்கு தொடுகிற இரண்டு மூலைகளும் குறுகியிருக்கின்றன என்று அர்த்தம்.

எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு நஷ்டம்? 40க்கு 60 மனையின் மூலைகள் 90-க்குப் பதில் 85 பாகையும் 95 பாகையுமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறுக்களவுகள் ஏறக்குறைய 75 அடியும் 69 அடி 2 அங்குலமுமாக வரும். பரப்பு 2391 சதுர அடி. 2400-ல் 9 சதுர அடிதான் குறைவு, பெரிதாகத் தெரியாது. ஆனால் 60 அடி ஓடுவதற்குள் அந்தப் பக்கம் 5 அடிக்கு மேல் தள்ளிப்போய்விடும். ஆகவே வடபுற எல்லையிலிருந்து தென்புற எல்லைவரை நேராக ஒரு செவ்வகக் கட்டடத்தை நிறுத்த நினைத்தால் 40 அடி அகலம் கிடைக்காது, 35 அடிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். பத்திரத்தில் உள்ள பரப்பு சரியாக இருந்தும் வீட்டுப் பிளான் உட்காராமல் போவது இப்படித்தான்.

மனையில் இறங்கி அளப்பது

நான்கு மூலைக் கல்லையும் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கல் மண்ணுக்குள் இருக்கும், கொஞ்சம் தோண்ட வேண்டும். பிறகு ஆறு அளவு எடுங்கள்: நான்கு பக்கம், இரண்டு மூலைவிட்டம். படம் வரைய ஐந்து போதும். ஆறாவது, மற்ற ஐந்தும் சரிதானா என்று சோதிக்க.

டேப்பில் மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது, பூஜ்ஜியம் எங்கே தொடங்குகிறது என்பது. சில டேப்பில் வளையத்தின் வெளிவிளிம்பிலிருந்து, சிலவற்றில் வளையம் தாண்டி. இரண்டாவது, தொய்வு. 75 அடி தூரத்தில் டேப் நடுவில் தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். இழுத்துப் பிடிக்க வேண்டும். புதர் இருந்தால் முதலில் வெட்டிவிடுங்கள். மூன்றாவது, சரிவு. தரை சரிவாக இருந்தால் தரையோடு படுக்கவைத்து அளக்கக் கூடாது. டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்து, உயர்ந்து நிற்கும் முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, துண்டு துண்டாக அளந்து கூட்ட வேண்டும். நில ஆவணங்களில் கணக்கு கிடைமட்டத் தூரத்துக்குத்தான்.

நம் மனையில் அஇ மூலைவிட்டம் 75 அடி. ஆஈ 66 அடி 6 அங்குலம்.

அடுத்தது, இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அ-விலிருந்து இ-க்கு நைலான் நூலை இறுக்கிக் கட்டுங்கள். இந்த நூலுக்கு ஆ மூலையிலிருந்து செங்குத்துத் தூரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கோணமானியும் வேண்டாம், மூலைமட்டமும் வேண்டாம். ஒருவர் டேப்பின் பூஜ்ஜியத்தை ஆ மூலைக் கல்லில் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் மறுபக்கத்தை நூலின்மேல் வைத்து, டேப்பை இறுக்கமாகவே வைத்துக்கொண்டு, நூல் வழியே நகருங்கள். அளவு 40, 38, 37 என்று குறைந்துகொண்டே வரும். ஓர் இடத்தில் 36-க்கு வந்து, அப்புறம் மறுபடி கூட ஆரம்பிக்கும். மிகக் குறைந்த அந்த 36 அடிதான் செங்குத்துத் தூரம், அந்த இடத்தில் டேப்பும் நூலும் செங்கோணத்தில் நிற்கின்றன. ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோட்டுக்கு மிகக் குறுகிய வழி செங்குத்து என்று வகுப்பில் படித்ததைக் கையால் தொட்டுப் பார்க்கிற இடம் இது. பிள்ளைகளைக் கூட்டிப்போயிருந்தால் இந்த டேப்பை அவர்கள் கையில் கொடுங்கள்.

ஈ மூலையிலிருந்தும் அதேபோல் எடுத்தால் 28 அடி வருகிறது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தாளில் வரைவது

வீட்டுக்கு வந்து 5 அடிக்கு 1 செ.மீ. என்று அளவுத்திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பக்கம் வரையாதீர்கள், மூலைவிட்டம் வரையுங்கள். 75 அடிக்கு 15 செ.மீ. கோடு, இடது முனை அ, வலது முனை இ. காம்பஸில் 9 செ.மீ. (45 அடி) எடுத்து அ-விலிருந்து கோட்டுக்கு மேலே ஒரு வில், 12 செ.மீ. (60 அடி) எடுத்து இ-யிலிருந்து ஒரு வில். இரண்டும் வெட்டும் இடம் ஆ. கோட்டுக்குக் கீழே அ-விலிருந்து 10.6 செ.மீ. (53 அடி), இ-யிலிருந்து 8.2 செ.மீ. (41 அடி), வெட்டும் இடம் ஈ. நான்கையும் இணையுங்கள். படத்தில் மூலைவிட்டம் படுக்கையாக இருப்பதால் வடக்கு, தாளின் மேல்பக்கம் இருக்காது. எது வடக்கு என்று ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

இப்போது சோதனை. படத்தில் ஆ-வுக்கும் ஈ-க்கும் இடையே அளவுகோல் வையுங்கள். 13.3 செ.மீ. வர வேண்டும், 5-ஆல் பெருக்கினால் 66½ அடி. மனையில் எடுத்த அளவும் அதுதான். ஒத்துப்போனால் ஆறு அளவும் சரி. ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒன்று தவறு, மறுபடி போய் அளக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சராசரி எடுத்துச் சமாளிக்கக் கூடாது.

கோணமானி வைத்துப் பார்த்தால் ஆ மூலை 90, அ மூலை 85, இ மூலை 80, ஈ மூலை 105. கூட்டினால் 360. ஆ மூலை செங்கோணமாக வந்ததைக் கணக்கிலேயே பார்க்கலாம்: 45, 60, 75 என்பது 3, 4, 5-ஐ 15-ஆல் பெருக்கியதுதான். ஈசானி மூலை மட்டும் மட்டமாக இருக்கிற மனை இது. வீட்டுக்கு நூல் பிடிக்கும்போது அந்த மூலையிலிருந்து தொடங்கலாம்.

பரப்பு: இரண்டு வழி

முதல் வழி, பள்ளிப் பாடத்தில் வருவது. மூலைவிட்டத்தில் பாதியை எடுத்து, இரண்டு செங்குத்துத் தூரங்களின் கூட்டுத்தொகையால் பெருக்க வேண்டும். 75-ல் பாதி 37.5. 36-ம் 28-ம் 64. 37.5 × 64 = 2400 சதுர அடி. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் 'அடிப்பக்கம் × உயரம்' என்பதில் பாதி. இரண்டுக்கும் அடிப்பக்கம் ஒரே மூலைவிட்டம் என்பதால் சேர்த்து எழுதிவிடுகிறோம், அவ்வளவுதான்.

மற்ற வகைகளுக்குத் தனித்தனியாக மனப்பாடம் செய்த வாய்பாடுகளும் இதற்குள் இருக்கின்றன. சாய்சதுரத்தில் இரண்டு செங்குத்துத் தூரமும் சேர்ந்தால் அதுவே மற்ற மூலைவிட்டம். அதனால்தான் "மூலைவிட்டங்களின் பெருக்கத்தில் பாதி" என்கிறோம். பட்டத்துக்கும் அப்படியே. இணைகரத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை: அடிப்பக்கத்தைச் செங்குத்து உயரத்தால் பெருக்க வேண்டும், சாய்ந்த பக்கத்தால் பெருக்கக் கூடாது. மாணவர்கள் அதிகமாக மதிப்பெண் இழக்கும் இடம் இது.

இரண்டாவது வழி, செங்குத்து எடுக்க முடியாத இடத்துக்கு. மனையின் நடுவே பழைய கட்டடமோ முள்வேலியோ இருந்தால் நூலின்மேல் நகர முடியாது. மூலைவிட்டம் மட்டும் எப்படியாவது எடுத்துவிட்டால் போதும். பழங்காலக் கணித அறிஞர், அலெக்சாந்திரியாவின் ஹெரோன் பெயரால் வழங்கும் வாய்பாடு கைகொடுக்கும். முக்கோணத்தின் மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: (45 + 60 + 75) ÷ 2 = 90. அந்த 90-லிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 45, 30, 15. நான்கையும் பெருக்குங்கள்: 90 × 45 × 30 × 15 = 18,22,500. வர்க்கமூலம் 1350. மற்ற முக்கோணம் 41, 53, 75. பாதிச் சுற்றளவு 84.5; கழித்தால் 43.5, 31.5, 9.5, பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1049-க்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 2399.

ஒரு வழியில் 2400, இன்னொரு வழியில் 2399. தென்புறம் 41 அடிக்கு மேல் அரை அங்குலம் இருப்பதை விட்டுவிட்டதால் வந்த வித்தியாசம் அது. இந்த அளவுக்கு நெருங்கி வந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

சராசரி எடுக்கும் பழக்கம்

பத்திரங்களிலும் தரகர்கள் வாயிலும் அதிகம் புழங்குகிற கணக்கு வேறு. எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கிவிடுவார்கள். நம் மனைக்கு (45 + 41) ÷ 2 = 43; (60 + 53) ÷ 2 = 56.5; பெருக்கினால் 2429.5 சதுர அடி. உண்மையைவிட ஏறக்குறைய 30 சதுர அடி கூடுதல்.

இந்த முறை மிகப் பழையது. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் பொறித்திருக்கும் நிலக்கொடைக் கணக்குகளிலேயே இது இருக்கிறது. இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-ல் எழுதிய நூலில் இதைத் தோராயக் கணக்கு என்று சொல்லிவிட்டு, துல்லியமானது என்று வேறொன்றைக் கொடுக்கிறார்: நான்கு பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, வரும் நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. நான்கு மூலையும் ஒரே வட்டத்தின்மேல் அமையும் நாற்கரத்துக்கு மட்டும் இது சரியாக வரும். நான்கு பக்கம் கொடுக்கப்பட்டால் அவற்றால் அடைக்கக்கூடிய அதிகபட்சப் பரப்பும் அந்த வட்ட நாற்கரத்துக்குத்தான்.

நம் மனைக்குப் போட்டுப் பார்ப்போம். பாதிச் சுற்றளவு 99.5. கழித்தால் 54.5, 39.5, 58.5, 46.5. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 2420. அதாவது இந்த நான்கு பக்கங்களையும் எப்படி வளைத்து நிறுத்தினாலும் 2420 சதுர அடியைத் தாண்ட முடியாது. சராசரிக் கணக்கு சொல்லும் 2429.5, இருக்கவே முடியாத பரப்பு. செவ்வகம் தவிர வேறு எந்த நாற்கரத்துக்கும் சராசரிக் கணக்கு கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைவாகக் காட்டாது. விற்பவருக்கு அது சாதகம்.

30 சதுர அடிதானே என்று விட்டுவிடாதீர்கள். இதே நான்கு பக்கம், ஆனால் அஇ மூலைவிட்டம் 75-க்குப் பதில் 85 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெரோன் வழியில் கணக்கிட்டால் பரப்பு 2134 சதுர அடிதான் வருகிறது. பத்திரத்தின் நான்கு அளவும் ஒரு எழுத்துகூட மாறவில்லை, சராசரிக் கணக்கும் அதே 2429.5-ஐத்தான் சொல்லும். உள்ளபடி, முன்பு வந்த 2400-ல் 266 சதுர அடி காணாமல் போயிருக்கிறது.

1150 வாக்கில் லீலாவதி என்ற கணித நூலை எழுதிய பாஸ்கராசாரியார் இந்த விஷயத்தில் பொறுமையே இழந்துவிடுகிறார். செங்குத்தையோ மூலைவிட்டத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனைப் பிசாசு என்கிறார். அதற்குப் பதில் சொல்பவன் அவனைவிடப் பெரிய பிசாசாம். நாற்கரத்தின் வடிவம் நிலையற்றது என்று தெரியாதவர்கள்மேல் அவருக்கு அவ்வளவு கோபம். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

கொஞ்சம் சிக்கலான மனைகள்

ஒரு மூலை உள்வாங்கியிருந்தால் அது குழிவு நாற்கரம். அதில் ஒரு மூலைவிட்டம் மனைக்கு வெளியே போகும். உள்ளே இருக்கும் மூலைவிட்டத்தை எடுத்தால் முறை மாறாமல் அப்படியே செல்லும். வெளியே போவதைத்தான் எடுக்க முடிகிறது என்றால், இரண்டு மூலைகளும் நூலின் ஒரே பக்கத்தில் இருக்கும். அப்போது செங்குத்துத் தூரங்களைக் கூட்டாமல் கழிக்க வேண்டும்.

சில சமயம் டேப்பை நூலின்மேல் நகர்த்தும்போது அளவு குறைந்துகொண்டே வந்து நூலின் முனைவரை போய்விடும், மறுபடி அதிகரிக்காது. செங்குத்து நூலுக்கு வெளியே விழுகிறது என்று அர்த்தம். நூலை அதே நேரில் நீட்டிக் கட்டலாம். அல்லது நீளமான மற்ற மூலைவிட்டத்தை எடுக்கலாம். பொதுவாகவே நீளமான மூலைவிட்டத்தில் தொடங்குவது நல்லது.

ஐந்து, ஆறு மூலை உள்ள வயலுக்கும் இதே வழிதான். அரசு நில அளவைப் புலப்படத்தைப் பார்த்தால் வயலின் குறுக்கே நீளமாகக் கோடுகள் ஓடும். அவற்றிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாகச் சிறு கோடுகள் போட்டு அளவு எழுதியிருக்கும். நூல் கட்டி டேப்பை நகர்த்தி நாம் செய்ததைத்தான் சர்வேயர்கள் காலங்காலமாகச் செய்கிறார்கள். இப்போதைய படங்களில் அளவு மீட்டரில் இருக்கும்.

அலகு மாற்றும்போது இவை தெரிந்தால் போதும்: 1 சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் 1 ஏக்கர், 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி, சென்னைப் பக்கம் சொல்லும் 1 கிரவுண்ட் 2400 சதுர அடி. 435.6 என்ற விசித்திரமான எண், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எட்மண்ட் கன்டர் வகுத்த 66 அடி நில அளவைச் சங்கிலியோடு வந்தது. 66 × 66 = 4356 சதுர அடி; அதுதான் 10 சென்ட். நம் மனை 5.51 சென்ட், ஏறக்குறைய 223 சதுர மீட்டர்.

படத்தின் ஓரத்தில் வடக்குக் குறி, ஆறு அளவு, இரண்டு செங்குத்துத் தூரம், அளந்த தேதி எல்லாவற்றையும் எழுதி, ஒரு நகலைப் பிளான் போடும் பொறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் உங்களிடம் கேட்கப்போகிற முதல் அளவும் குறுக்களவாகத்தான் இருக்கும். உங்கள் கணக்குக்கும் பத்திரத்தில் உள்ள பரப்புக்கும் டேப் தொய்வைத் தாண்டிய வித்தியாசம் வந்தால், காம்பவுண்டுச் சுவருக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன்பே அரசு நில அளவைக்கு மனு கொடுங்கள். நாம் எடுத்த அளவு நமக்குத் தெரிந்துகொள்ளத்தான். எல்லையைக் காட்டிக் கல் நட வேண்டியவர் அரசு சர்வேயர்.